பெற்றவளே வரைந்தபோது: சமகாலக் கலையில் பிள்ளைப்பேறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாயும் சேயும் காலங்காலமாக வரையப்பட்டவர்கள்தானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

வரைந்த கை மாறியதுதான் புதிது. ஐரோப்பிய ஓவியத்தில் மரியாளும் குழந்தை இயேசுவும் ஆயிரக்கணக்கான முறை வரையப்பட்டிருக்கிறார்கள். அந்தப் படங்களில் வலி முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். தாயின் முகம் தெளிந்திருக்கும், துணியில் ஒரு கறைகூட இருக்காது. வரைந்தவர் ஏறக்குறைய எப்போதும் ஓர் ஆண்.

இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் தூரிகையையும் கேமராவையும் ஊசிநூலையும் எடுத்துக்கொண்டு, கர்ப்பம், கருச்சிதைவு, பிரசவம், பால்குடி, கருக்கலைப்பு, தூக்கம் கெட்ட இரவு என எல்லாவற்றையும் கலைக்குள் கொண்டுவந்தார்கள். 'தாய்மை' என்று நாம் சொல்லும்போதே குரல் தாழ்ந்து, கை குவிந்துவிடுகிறது. அந்த மரியாதையில் பெற்றவள் என்ற ஆள் காணாமல் போய்விடுகிறாள். இந்தப் பக்கத்தில் பேசப்படும் படைப்புகள் எல்லாம் அவளைத் தேடிப் போனவை.

முதலில் துணிந்தவர் யார்?

ஒருவரை மட்டும் சொல்வது கடினம். ஆனால் ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்ஸோன் பெக்கரை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது. 1906-இல், கணவரைப் பிரிந்து பாரிஸில் தனியாக இருந்தபோது, தம் ஆறாம் திருமண நாளில் ஒரு தன்னுருவம் வரைந்தார். இடுப்புக்கு மேலே ஆடை இல்லை. கழுத்தில் அம்பர் மணிமாலை. வயிறு மேடிட்டிருப்பதுபோல் இரு கைகளும் அதைச் சுற்றி அணைத்திருக்கின்றன. அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. வயிற்றில் வளர்வது பிள்ளையா, ஓவியமா, தனியாக வாழப்போகும் புதுப்பெண்ணா என்று பார்ப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அடுத்த ஆண்டு அவர் உண்மையிலேயே கருவுற்றார். 1907 நவம்பர் 2 அன்று பெண் குழந்தை பிறந்தது. படுக்கையிலேயே கிடத்தப்பட்டிருந்த பவுலா, நவம்பர் 20 அன்று எழுந்து நின்ற வேளையில் இரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார். வயது 31. இந்தச் செய்தியை அறிந்தபின் அந்தப் படத்தை முன்போலப் பார்க்க என்னால் முடிவதில்லை. பேறுகாலம் ஒரு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது அச்சத்தில் சொன்ன சொல்.

ஃப்ரீடா காலோவின் மருத்துவமனைப் படம் ஏன் இவ்வளவு முக்கியம்?

கருச்சிதைவு என்பது ஓவியத்துக்குரிய பொருள் என்று அதற்கு முன் யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. 1932-இல் மெக்சிகோ ஓவியர் காலோ, கணவர் டியேகோ ரிவேராவுடன் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்தார். ரிவேரா அங்கே பெரிய சுவரோவியங்களை வரைந்துகொண்டிருந்தார். ஜூலை மாதத்தில் காலோவுக்குக் கரு கலைந்தது. சேர்க்கப்பட்டிருந்த ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் பெயரையே படத்துக்கு வைத்தார்.

படம் சிறியது. ஏறக்குறைய ஒரு நாளிதழ்ப் பக்கத்தின் பாதி அளவுதான். உலோகத் தகட்டின்மேல் எண்ணெய் வண்ணம். வெட்டவெளியில் ஓர் இரும்புக் கட்டில், தொலைவில் தொழிற்சாலைகளின் வரிசை. கட்டிலில் ஆடையின்றிக் கிடக்கிறார் காலோ. விரிப்பில் இரத்தம், கன்னத்தில் ஒரே ஒரு பெரிய கண்ணீர்த்துளி. கையில் பிடித்த சிவப்பு நாடாக்களின் மறுமுனைகளில் ஆறு பொருள்கள்: ஆண் சிசு, நத்தை, உடலின் மாதிரி உருவம், ஓர் இயந்திரம், ஆர்க்கிட் மலர், இடுப்பெலும்பு. நாடாக்கள் தொப்புள்கொடிபோலவே இருக்கின்றன.

தகட்டின்மேல் வரைந்ததற்கும் காரணம் உண்டு. மெக்சிகோவில் ஆபத்திலிருந்து பிழைத்தவர்கள் நன்றிக்கடனாகச் சிறு தகட்டில் அந்தக் காட்சியை வரைந்து தேவாலயத்தில் வைப்பார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டு உருவங்களைக் காணிக்கை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. அந்தத் தகடுகளில் மேலே ஒரு மூலையில் காப்பாற்றிய மாதாவோ புனிதரோ இருப்பார். காலோவின் தகட்டில் அந்த இடத்தில் வானம் மட்டுமே இருக்கிறது.

மேரி கெல்லியைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அவர் செய்ததுதான் என்ன?

இந்தத் துறையில் எனக்கு மிக நெருக்கமான படைப்பு அவருடையது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மேரி கெல்லி 1941-இல் அமெரிக்காவில் பிறந்த கலைஞர். 1968 முதல் லண்டனில் வாழ்ந்தார். 1973-இல் அவருக்கு மகன் பிறந்தான். அந்த ஆண்டு தொடங்கி 1979 வரை அவர் செய்துமுடித்தது 'போஸ்ட் பார்ட்டம் டாக்குமென்ட்', அதாவது பேற்றுக்குப் பிந்தைய ஆவணம். ஆறு பகுதிகள், சட்டமிட்ட 135 துண்டுகள். மகன் பால் குடிப்பதில் தொடங்கி, தன் பெயரைத் தானே எழுதுவதில் முடிகிறது.

முதல் பகுதியில் குழந்தையின் இடுப்புத் துணிக்குள் வைக்கும் மெல்லிய விரிப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அன்றைய மலத்தின் கறை. அதன் கீழே அன்று எந்த நேரத்தில் என்ன உணவு, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. பாலிலிருந்து திட உணவுக்கு மாறிய காலத்தின் கணக்கு அது. இரண்டாம் பகுதியில் குழந்தையின் முதல் மழலைகள். மூன்றாம் பகுதியில் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய மகன் கிறுக்கிய தாள்கள், கூடவே தாயின் நாட்குறிப்பு. நான்காம் பகுதியில் குழந்தையின் கை அச்சுகளும், அவன் கட்டிக்கொண்டு தூங்கிய போர்வையின் கிழிசல்களும். ஐந்தாம் பகுதியில் அவன் அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த பூச்சிகளும் இலைகளும், அருங்காட்சியக மாதிரிகளைப்போல் பெட்டிக்குள். கடைசிப் பகுதி பலகைக்கல். மேலே மகன் எழுதிப் பழகிய எழுத்துகள், கீழே தாயின் குறிப்புகள்.

என் அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆன சமயம், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவள் பால் கொடுத்த நேரங்களை எழுதி வைத்தாள். வலம் 2.10, இடம் 4.35, வாந்தி, மறுபடி வலம். ஒரு மாதம் கழித்து வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள்கள் குப்பைக்குப் போயின. கெல்லியின் முதல் பகுதியைப் புத்தகத்தில் பார்த்த நாளில் எனக்கு அந்தக் காலண்டர் தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு பெண் தன் வாழ்நாளிலேயே மிகக் கவனமாக எழுதிய குறிப்பேட்டை நாங்கள் பழைய தாள் என்று எறிந்துவிட்டோம்.

பீத்துணியைச் சட்டம் போட்டு மாட்டினால் அது கலையாகிவிடுமா?

இதையேதான் 1976-இல் லண்டன் செய்தித்தாள்களும் கேட்டன. அந்த ஆண்டு முதல் மூன்று பகுதிகள் லண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் காட்சிக்கு வந்தன. பரபரப்புத் தாள்கள் துணியைப் பற்றியே எழுதித் தீர்த்தன.

துணியை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. ஆனால் கைக்குழந்தையின் தாய்க்கு அந்தக் கறை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பச்சையாகப் போனானா, தண்ணீராகப் போனானா, இன்று போகவே இல்லையா? குழந்தை பேசாத மாதங்களில் அவள் படிக்கும் கடிதம் அதுதான். அந்தக் கடிதத்தில் அவளுக்கு மதிப்பெண்ணும் போடப்படுகிறது. நம் வீடுகளில் குழந்தைக்கு மாந்தம் என்றால் முதல் கேள்வி பெற்றவளை நோக்கித்தான் வரும்: "நீ என்ன தின்றாய்?" பத்தியம் மீறியது அவள், பால் கெட்டது அவளால், குழந்தை அழுவதும் அவளால்.

கெல்லி அதே பகுதியில் ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறார்: நான் என்ன தவறு செய்தேன்? ஆய்வுக்கூடத்தின் தாளைப்போல் சுத்தமாக, ஒழுங்காக, தேதியிட்டு அடுக்கிய வரிசைக்கு அடியில் இந்தக் கேள்வி நிற்கிறது. அந்த ஒழுங்குக்கும் அந்தப் பதற்றத்துக்கும் இடையில்தான் இந்தப் படைப்பு நடக்கிறது. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

தாயைப் பற்றிய படைப்பில் தாயின் படமே இல்லையாமே?

ஆம், வேண்டுமென்றே விடப்பட்டது. 1973-இல் நிறைமாத வயிற்றை அண்மையில் காட்டும் சிறு படச்சுருள் ஒன்றைக் கெல்லி எடுத்தார். உள்ளே குழந்தை அசைகிறது, மேலே அவர் கை தடவுகிறது. ஆவணத்தைத் தொடங்கியபின் அந்த உடலையும் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். பெண்ணின் உடல் படத்தில் வந்தவுடன் பார்ப்பவர்கள் அழகு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அல்லது மாதாவாக்கிக் கும்பிட்டுவிடுவார்கள் என்பது அவர் காலத்துப் பெண்ணியர்களின் கவலை. ஆகவே அவருடைய ஆவணத்தில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, முகம் இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மகன் பேசப் பேச, நடக்க நடக்க, எழுத எழுத, அவளிடமிருந்து ஒன்று கழன்றுகொண்டே போகிறது. பிள்ளை வளர்கிறான் என்று எல்லாரும் மகிழும் அதே நாள்களில் அவள் தன் ஒரு பகுதியை இழந்துகொண்டிருக்கிறாள். ஒரு பெண் தாயாகப் பிறந்துவிடுவதில்லை, இந்த அன்றாட வேலைகளுக்குள் தாயாக ஆகிறாள், பிறகு அந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போவதையும் தாங்குகிறாள். கெல்லி சொல்லும் அடையாளம் இதுதான். ஆவணத்தின் முடிவில் வரும் கேள்வியும் அதையே கேட்கிறது: நான் என்ன செய்வேன்?

அவருடைய வரைபடங்களும் கோட்பாடும் புரியவில்லையே?

புரியாமல் போவது உங்கள் குறையில்லை. தொடக்கத்தில் வரும் குழந்தைச் சட்டைகளின்மேலேயே பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கானின் வரைபடம் ஏறியிருக்கிறது. அன்றே பலர் இதைக் குறை சொன்னார்கள். என் கருத்திலும் சில இடங்களில் கோட்பாடு தாயின் குரலை அமுக்கிவிடுகிறது. வரைபடங்களைத் தாண்டிப்போய் நாட்குறிப்பை மட்டும் முதலில் படியுங்கள். அவை எந்த மொழித் தாய்க்கும் புரியும்.

கெல்லி ஏட்டுக் கோட்பாட்டாளராக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மார்கரெட் ஹாரிசன், கே ஹன்ட் ஆகியோருடன் சேர்ந்து லண்டனில் ஓர் உலோகப் பெட்டித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணத்தை 1973 முதல் 1975 வரை உருவாக்கினார். தொழிலாளர்களின் ஒருநாள் வேலைக்கணக்கைக் கேட்டபோது, ஆண்களின் கணக்கு பெரும்பாலும் ஆலையோடு முடிந்தது, பெண்களின் கணக்கு வீட்டில் தொடர்ந்தது. தம் வீட்டுக்குள்ளேயே அதே கணக்கை எடுக்கும் எண்ணம் அங்கிருந்தும் வந்திருக்க வேண்டும்.

பிள்ளை பெறாத பெண்கள் இதைப் பற்றிப் பேசலாமா?

தாராளமாக. அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோவுக்குப் பிள்ளைகள் இல்லை. மேற்கத்திய ஓவிய வரலாற்றில் பிரசவக் காட்சியைத் தேடிப்போய் ஏமாந்தவர் அவர். (தென்னிந்தியத் தேர்களின் மரச்சிற்பங்களில் இரு பெண்கள் தாங்கிப் பிடிக்க நின்றபடியே பிள்ளை பெறுபவளைக் காணலாம். எல்லா மரபுகளிலும் இந்த வெற்றிடம் இல்லை.) 1980 முதல் 1985 வரை அவர் நடத்திய 'பர்த் புராஜெக்ட்' என்ற பணியில் 150-க்கும் மேற்பட்ட தையல் கலைஞர்கள் தங்கள் வீடுகளில் இருந்தே பங்கெடுத்தார்கள். வடிவம் சிகாகோவுடையது, எம்பிராய்டரியும் பின்னலும் அவர்களுடையவை. வீட்டுவேலைகளுக்கு நடுவே ஊசி பிடித்த பெண்கள், பிரசவத்தைத் தையலால் சொன்னார்கள். எனக்கு அந்த வண்ணங்களும் அண்டவெளி உருவகங்களும் சற்று மிகையாகத் தோன்றுகின்றன. ஆனால் தையலைக் கைவேலை என்று ஒதுக்கிய கலைக்கூடங்களுக்குள் அது நுழைந்த விதம் பெரிது.

பிரிட்டிஷ் கலைஞர் ஹெலன் சாட்விக் வேறொரு வாசலைத் திறந்தார். லண்டனில் ஒரு மருத்துவமனையின் செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவில் பணியாற்றி, கருப்பைக்குள் வைக்கப்படாத கருக்களின் நுண்படங்களை நகையில் பதித்த கற்களைப்போல் அமைத்தார். அந்தப் பணியின் நடுவே, 1996-இல், திடீரென்று இறந்துபோனார். வயது 42.

கருக்கலைப்பைப் பற்றி வரைந்து சட்டத்தை மாற்ற முடியுமா?

ஓவியம் தனியாக எதையும் மாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓவியர் பவுலா ரேகோவின் கதையைக் கேட்டால் அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது.

1998 ஜூன் மாதம் போர்ச்சுகலில் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிப்பது பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மூவரில் ஒருவரே வாக்களித்தார். மயிரிழையில் 'வேண்டாம்' என்ற தரப்பு முந்தியது. லிஸ்பனில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ரேகோ கடும் கோபமடைந்து, பேஸ்டல் வண்ணத்தில் பெரிய படங்களை வரையத் தொடங்கினார். எந்தப் படத்துக்கும் பெயர் வைக்கவில்லை.

படங்களில் இரத்தம் தெரியாது. மருத்துவரும் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் கால்களை மடக்கிச் சாய்ந்திருப்பாள். இன்னொருத்தி வாளியின்மேல் குந்தியிருப்பாள். அருகில் ஒரு பிளாஸ்டிக் பேசின், துவாலை, மடக்கு நாற்காலி. கள்ளத்தனமாகச் செய்யவேண்டி வந்த வேலைக்கு வீட்டிலிருந்த சாமான்களே கருவிகள். இவற்றையெல்லாம் தாண்டி நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பெண்களின் பார்வை. பல்லைக் கடித்து வலியைத் தாங்குகிறார்கள், இரக்கம் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்தான் கண்ணைத் தாழ்த்தவேண்டியிருக்கிறது.

அதிகம் பேரிடம் போய்ச் சேரவேண்டும் என்று அதே காட்சிகளைச் செதுக்கு அச்சுகளாகவும் செய்தார். 1999-இல் படங்கள் லிஸ்பனிலேயே காட்சிக்கு வந்தன. 2007-இல் நடந்த இரண்டாம் பொதுவாக்கெடுப்பில் 59 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். அதன்பின் பத்து வாரம் வரையிலான கருக்கலைப்பு அங்கே சட்டபூர்வமானது. ரேகோ 2022-இல் மறைந்தார்.

எல்லாப் பெண்களின் தாய்மையும் ஒன்றா?

இல்லை. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் எசமானர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாலூட்டினார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளோ அவர்களிடமிருந்து பறித்து விற்கப்படலாம். இந்த வரலாற்றுக்குப் பின் ஒரு கறுப்பினப் பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதே ஓர் அறிக்கை. ஜமைக்காவில் பிறந்த புகைப்படக் கலைஞர் ரெனே காக்ஸ் 1993-இல் தம்மையே அப்படிப் படமெடுத்தார். உடலில் ஆடை இல்லை, காலில் கறுப்பு ஹை ஹீல்ஸ், கையில் மகன். ஆள் உயரத்தையும் விஞ்சிய அளவில் நின்று, வந்தவரை நேருக்கு நேர் பார்க்கிறார்.

பிள்ளை பெற்றபின் கலைஞர் கலைஞராகவே இருக்க முடியுமா?

அமெரிக்கரான மியர்லே லேடர்மன் யூகலீஸ் 1968-இல் தாயானார். அதுவரை கலைஞராக இருந்தவருக்குத் திடீரென்று நாள் முழுவதும் துடைப்பதும் கழுவுவதும் மட்டுமே மிஞ்சின. 1969-இல் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிக்கும் வேலையையே கலையாக அறிவிக்கிறேன், சமைப்பதும் துவைப்பதும் குழந்தையின் துணியை மாற்றுவதும் இனி என் கலை என்பது அதன் சாரம்.

பிறகு அவர் போன தூரம் வியப்பானது. வீட்டைத் துடைப்பவளும் தெருவைத் துடைப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று கண்டுகொண்டு, 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாக் கலைஞராக இணைந்தார். 1979-இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு காலம் நகரெங்கும் சென்று, 8,500 துப்புரவுத் தொழிலாளர்களின் கையைப் பிடித்துக் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பெக்கரின் படங்களுக்கென்றே 1927-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. கெல்லியின் ஆவணத்தில் மூன்றாம் பகுதி லண்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. இவற்றின் படங்களை அருங்காட்சியகங்களின் தளங்களிலேயே பார்க்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு என்றால், டச்சுப் புகைப்படக் கலைஞர் ரினேக்கே டைக்ஸ்ட்ரா 1994-இல் எடுத்த மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூன்று பெண்கள், மூன்று வெறும் சுவர்கள். ஜூலி பிள்ளை பெற்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது, டெக்லா ஒரு நாள், சாஸ்கியா ஒரு வாரம். ஜூலியின் வலைத்துணி உள்ளாடைக்குள் தடித்த பேட் தெரிகிறது. டெக்லாவின் காலில் மெல்லிய இரத்தக்கோடு இறங்கியிருக்கிறது. சாஸ்கியாவின் அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு. மூவரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், மூவரும் பிள்ளையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஜூலியின் ஒரு கை, கேமராவின் பக்கமிருந்து குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது.